வெற்றுவேட்டு: ஓசையும் அடைப்பும்

பேச்சு மிகுந்து செயல் குறைந்தவரை ‘வெற்றுவேட்டு’ என்று சுட்டுவது தமிழ் வழக்கு. மேடையிலும் ஏட்டிலும் இச்சொல் எள்ளலாகவே ஆளப்படுகிறது. ஆயின் அதன் நேர்ப்பொருள் படைக்கலத் தொழிலிலிருந்து பிறந்ததாகும். குண்டு இடாமல், மருந்தை மட்டும் கெட்டித்து, ஓசைக்காக வெடிப்பதே வெற்றுவேட்டு. மருந்து உண்டு; நெருப்பு உண்டு; புகையும் இடியோசையும் உண்டு; இலக்கைத் தாக்கும் குண்டு மட்டும் இல்லை. எனவே அது தீங்கற்றது என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே ஏறி அமர்ந்துவிட்டது.

வரலாறு இவ்வெண்ணத்தை ஏற்கவில்லை. வெற்றுவேட்டு அரங்கை எரித்திருக்கிறது. போர்க்களத்தில் பிழைத்தவனைக் கொன்றிருக்கிறது. திருவிழாக் கொல்லைகளில் வேட்டுத் தொழிலாளரின் விரல்களையும் விழிகளையும் பறித்திருக்கிறது. இவற்றுட் பலவற்றில் குற்றம் மருந்தினுடையது மட்டும் அன்று. மருந்து சிந்தாமல் இருக்கவும், ஓசை பெருகவும் அதன்மேல் வைத்துத் திணிக்கப்படும் அடைப்பு எது என்பதே நன்மையையும் தீமையையும் பிரித்திருக்கிறது. எவரும் எண்ணிப் பாராத இச்சிறுபொருளின் வரலாறு, பட்டுநெசவில் பெயர்பெற்ற ஆரணிக்குப் பெரிதும் பொருந்துவதாகும். பீரங்கி ஓசை கேட்ட ஊர் ஆரணி. பீரங்கிக்காரர் நெடுநாள் தேடிக் கண்ட விடை ஆரணித் தறிகளில் ஓடும் இழையிலேயே இருந்தது.

ஆரணி கேட்ட பீரங்கி

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணியைச் சூழ்ந்த வயல்வெளிகள் 18ஆம் நூற்றாண்டில் இருமுறை பெரும்போரைக் கண்டன. 1751ஆம் ஆண்டு டிசம்பரில், ஆர்க்காட்டு முற்றுகையில் தப்பிய ராபர்ட் கிளைவ், முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படையைத் துணைகொண்டு, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருடன் வந்த பிரெஞ்சுப் படையையும் ஆரணிக்கு அருகே எதிர்த்து வென்றார். நீர் தேங்கிய நெல்வயல்களும், அவற்றின் ஊடே சென்ற மேட்டுப்பாதையும் அப்போரின் போக்கை முடிவு செய்தன. பின்னர் 1782ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் ஆரணியருகே மோதின. ஹைதர் தம் படைக்குரிய பொருள்களை ஆரணியிற் சேர்த்துவைத்திருந்தமையே கூட்டை இவ்வூரை நோக்கி இழுத்தது. 1790ஆம் ஆண்டில் இங்கே உயிர்நீத்த கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவாக எழுந்த தூண், படைவீடாக ஆரணி இருந்த காலத்தை நினைவூட்டுகிறது.

அக்காலப் பீரங்கிகள் யாவும் வாய்வழியே கெட்டிக்கப்பட்டவை. முதலில் மருந்துப்பை, அதன்மேல் அடைப்பு, பின் குண்டு, குண்டு உருண்டு விழாதிருக்க மீண்டும் ஓர் அடைப்பு, ஒவ்வொன்றையும் நீண்ட கோலால் உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். பின்புறத்துத் திரித்துளையில் நெருப்பு வைத்தால் வேட்டு எழும். போர் முடிந்த பின்னரும் பீரங்கிகள் ஓய்ந்திருக்கவில்லை. வெற்றிக்கு வேட்டு, ஆளுநர் வருகைக்கு வேட்டு, படைத்தலைவரின் இறுதி ஊர்வலத்துக்கு வேட்டு என்று குண்டில்லா வேட்டுகளின் கணக்கு பெருகியது.

பிரிட்டிஷ் ஆட்சி இதனை ஒரு தகுதிப் பட்டியலாகவே ஆக்கியது. மைசூர் மன்னருக்கு 21 வேட்டு, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17 என எண்ணிக்கையால் மதிப்பு அளக்கப்பட்டது. ஜாகீராக இருந்த ஆரணிக்கு அப்பட்டியலில் இடம் இல்லை. ஒரு வேட்டு கூடினால் பெருமை, குறைந்தால் இழிவு என்று அரசவைகள் கருதிய காலத்தில், வெற்றோசையே ஆட்சியின் மொழியாயிற்று எனலாம். சென்னையில் வானாய்வகம் கணித்த நேரத்தைப் புனித ஜார்ஜ் கோட்டைப் பீரங்கியின் ஓசை நகரத்துக்கு அறிவித்ததும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேதான்.

அடைப்பு என்பது யாது?

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது கரிமருந்து. சுக்கிரநீதி என்னும் வடமொழி நூல் இதற்கு எருக்கு, கள்ளி முதலியவற்றின் கரியைக் கூறுகிறது. திறந்த வெளியில் இம்மருந்து ‘புஸ்’ என்று எரிந்து புகையாய்ப் போகும். அடைத்த இடத்தில் எரியும்போதே அதில் பிறக்கும் ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் பெருக்கி, அடைப்பைத் தள்ளிக்கொண்டு பேரோசையுடன் பாயும். ஆகவே வேட்டின் குரல் மருந்தில் பாதி, அடைப்பில் பாதி. சிவகாசியின் சிறுவெடி முதல் பூச்சட்டி வரை, சுற்றிய தாளும் அழுத்திய மண்ணும் செய்யும் வேலை இதுவே.

குண்டு இருக்கும்போது அடைப்பு ஒரு துணைப்பொருள். குண்டு இல்லாத வெற்றுவேட்டிலோ அடைப்பே குண்டாகிவிடுகிறது. இதனை உணராமையே தீங்கின் தொடக்கம். அடைப்பு இருவகையில் கெடுதல் செய்யும். ஒன்று, அது வெளியே பறந்து சென்று தாக்கும் அல்லது தீ மூட்டும். மற்றொன்று, அதன் துணுக்கு உள்ளேயே தங்கி, கண்ணுக்குப் புலப்படாமல் கனன்றுகொண்டிருந்து, அடுத்த மருந்தை இடும் கையைச் சுடும். முதலாவதற்கு ஒரு நாடக அரங்கும், இரண்டாவதற்கு ஒரு கோட்டையும் உலகறிந்த சான்றுகளாகும்.

எரிந்த அரங்கும் கிழிந்த ஏடும்

1613ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள். இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆற்றுத் தென்கரையில் குளோப் அரங்கில் எட்டாம் ஹென்றி மன்னரைப் பற்றிய நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஷேக்ஸ்பியரும் அவர் கூட்டாளிகளும் பங்குதாரராய் இருந்த அரங்கம் அது. மேடையில் மன்னர் நுழையும் காட்சியில் ஆரவாரத்துக்காகச் சிறுவேட்டுக் குழாய்கள் வெடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை அடைத்திருந்த தாளோ வேறு பொருளோ கனன்றபடியே பறந்து கூரை வைக்கோலில் விழுந்தது. புகையைக் கண்டவர்களும் அதனைப் பொருட்படுத்தாமல் நாடகத்திலேயே கண்ணாயிருந்தனர். சற்று நேரத்துக்குள் தீ கூரையைச் சுற்றி ஓடிப் பரவி, அரங்கம் முழுவதும் சாம்பலாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. காற்சட்டையில் தீப்பற்றிய ஒருவர் தம் கையிலிருந்த மதுவை ஊற்றி அதனை அணைத்துக்கொண்டார் என்று அக்காலத்து மடல் ஒன்று நகைச்சுவையோடு தெரிவிக்கிறது. மறு ஆண்டு அரங்கம் மீண்டும் எழுந்தபோது கூரைக்கு வைக்கோல் வேயவில்லை, ஓடு போட்டனர். கூரை மாறியது சரியே. அடைப்பு மாறியிருந்தால் அரங்கே பிழைத்திருக்கும்.

அடைப்புக்குத் தாள் வேண்டுமென்றால் எழுதிய தாளும் தப்பாது. அமெரிக்க விடுதலைப் போரில், 1780ஆம் ஆண்டு நியூ ஜெர்சியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வீரர்களுக்கு அடைப்புத்தாள் தீர்ந்தபோது, ஜேம்ஸ் கால்ட்வெல் என்ற போதகர் அருகிருந்த தேவாலயத்துக்கு ஓடி, ஐசக் வாட்ஸ் இயற்றிய பாமாலைப் புத்தகங்களை அள்ளிவந்து கொடுத்தார் என்று அந்நாட்டார் சொல்லிவருகின்றனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலோ இது கதையளவில் நிற்கவில்லை. 1790களில் அந்நாட்டின் பழைய ஆவணக் காப்பகங்களிலிருந்து தோல் ஏடுகள் பெருந்தொகையாய்ப் படைக்கலச்சாலைகளுக்கு அனுப்பப்பட்டுப் பீரங்கி மருந்துப்பைகளாகத் தைக்கப்பட்டன. பல நூற்றாண்டு எழுத்து ஒரு கணப் புகையாயிற்று. ஏடு காத்தவரையும் கறையானுக்கு ஏடு கொடுத்தவரையும் ஒருசேர அறிந்த தமிழ்ப்புலமை உலகுக்கு, இச்செய்தியின் வலி விளக்க வேண்டாதது.

போரில் நேராத சாவு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சம்டர் கோட்டையைத் தாக்கியதிலிருந்து தொடங்கிற்று. ஏறத்தாழ 34 மணிநேரம் அக்கோட்டையின்மேல் குண்டுமழை பொழிந்தது. சுவர்கள் இடிந்தன, பாசறைகள் எரிந்தன, ஆயினும் இருதரப்பிலும் அத்தாக்குதலில் ஒருவரும் கொல்லப்படவில்லை. கோட்டையை ஒப்படைத்த படைத்தலைவர் ராபர்ட் ஆண்டர்சன், கொடியை இறக்கும்முன் அதற்கு 100 வேட்டு மரியாதை செய்ய இசைவு பெற்றார். ஏப்ரல் 14ஆம் நாள் அம்மரியாதை நடந்துகொண்டிருக்கையில், ஒரு பீரங்கியில் மருந்து இடும்போதே அது வெடித்துவிட்டது. டேனியல் ஹஃப் என்ற வீரர் அங்கேயே உயிரிழந்தார். அருகில் அடுக்கியிருந்த மருந்துப்பைகளும் தீப்பற்றியதால் வேறு சிலர் காயமுற்றனர். அவர்களுள் ஒருவர் பின்னர் இறந்தார். வேட்டு 50உடன் நிறுத்தப்பட்டது. இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட அப்பெரும்போரின் முதற்சாவு பகைவன் குண்டால் நேரவில்லை, வெற்றுவேட்டால் நேர்ந்தது.

இத்தகைய விபத்துக்கு வழிவகுப்பது பெரும்பாலும் பீரங்கியின் அடியில் தங்கிய கனல். இதனாலேயே ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் முறுக்குக் கம்பியால் துணுக்குகளை இழுத்தெடுத்து, நீரில் நனைத்த ஆட்டுத்தோல் துடைப்பானால் உட்புறத்தைத் துடைக்க வேண்டும் என்பது பழைய பீரங்கிப் படையின் விதி. அவ்வாறு துடைக்கும்போதும் மருந்தைத் தள்ளும்போதும் ஒருவர் தோலுறையிட்ட பெருவிரலால் திரித்துளையை மூடிக்கொண்டிருப்பார். துளை திறந்திருந்தால், கோல் உள்ளே செல்லச்செல்லக் காற்று ஊதுலைத் துருத்தியிற்போல் பாய்ந்து கனலை எழுப்பும். போரில் இவ்விதியைக் கடைப்பிடித்தவர்களும் விழாவில் தளர்ந்துவிடுவர். குண்டு இல்லையே என்னும் எண்ணமும், வேட்டுகள் தாளம் தவறாமல் ஒலிக்க வேண்டும் என்னும் விரைவும் கையைத் துடைப்பானிடம் போகவிடுவதில்லை.

பட்டு தந்த விடை

கனல் தங்காத துணி எது என்னும் தேடல், பீரங்கி வரலாற்றில் நெடிய பகுதியாகும். தொடக்கத்தில் மருந்தைத் தாளிற் பொதிந்தனர். தாளின் அடிப்பகுதி எரியாமல் தங்கி, வேட்டுக்கு வேட்டு சேர்ந்து, புகைந்துகொண்டேயிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளித் துணிப்பைகள் அதன் இடத்தைப் பெற்றன. பின்வந்த பெரும் பீரங்கிகளுக்குப் பட்டுத்துணியே தக்கது என்று கண்டனர். முதல் உலகப் போரின்போது அமெரிக்கா பட்டுக்கழிவு நூலால் மருந்துப்பைத் துணியை நெய்வித்தது. அந்நாட்டின் அயோவா வகைப் போர்க்கப்பல்கள் 1980களில் மீண்டும் கடலேறியபோதும், அவற்றின் 16 அங்குலப் பீரங்கிகளுக்கு மருந்து பட்டுப்பைகளிலேயே வைக்கப்பட்டது.

பருத்தியைவிடப் பட்டும் கம்பளியும் ஏன் மேலாயின? விடை ஆரணியின் துணிக்கடைகளில் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படுவது. புடவையின் முந்தியிலிருந்து ஓர் இழையை உருவித் தீயிற் காட்டுவது பட்டைத் தேறும் பழைய வழி. தூய பட்டு சுருங்கி எரியும். முடி கருகும் நாற்றம் எழும். தீயை அகற்றியதும் பெரும்பாலும் தானே அணையும். மிஞ்சிய கரிய மணியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி இழையோ தாள் எரியும் மணத்தோடு எரிந்து, சுடர் அவிந்த பின்னும் செந்நுனியாய்க் கனன்றுகொண்டிருக்கும். செயற்கை இழை உருகிச் சொட்டி, ஆறியபின் கெட்டியான உருண்டையாகும். பட்டும் கம்பளியும் உயிரியின் உடலிற் பிறந்த புரதம். பருத்தி செடியின் நார். வேறுபாட்டின் காரணம் இதுவே.

புடவை வாங்குபவர் தாம் ஏமாறாதிருக்கச் செய்யும் இச்சோதனை, பீரங்கிக்காரன் தன் கை போகாதிருக்கச் செய்ய வேண்டிய சோதனையும் ஆகும். சுடர் அவிந்தபின் கனல் நிற்கிறதா என்பதே இருவருக்கும் உரிய கேள்வி. பருத்திக் கயிற்றை வெடியுப்பு நீரில் ஊறவைத்தால் அதுவே பீரங்கிக்கு நெருப்பு வைக்கும் திரி. திரியாகும் பொருளையே அடைப்பாகவும் திணிப்பது, விளக்கை வைக்கோற்போரில் ஒளித்துவைப்பதற்கு ஒப்பாகும். தேங்காய் நாரின் இயல்பும் தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. பெட்டிக்கடை முகப்பில் பீடி பற்றவைப்பதற்காகத் தொங்கவிட்ட கயிறு, காலையில் வைத்த நெருப்பை நெடும்பொழுது காத்ததைப் பலரும் கண்டிருப்பர். நாட்டுத் துப்பாக்கியிலும் சிறுபீரங்கியிலும் அந்நாரையே திணிப்பது எளிதாகக் கிடைக்கிறது என்னும் ஒரே காரணம் பற்றியதாகும்.

நம் நாட்டு அதிர்வேட்டு

தமிழ்நாட்டுக் கோயில் விழாக்களில் சாமி புறப்பாட்டை ஊருக்கு அறிவிப்பது அதிர்வேட்டு. கேரளத்தில் இதற்குக் கதினா என்று பெயர். வேண்டுதலாகவே வெடிவழிபாடு நடப்பதும் உண்டு. குறுகிய இரும்புக் குழாயின் அடியில் கரிமருந்தை இட்டு, மேலே செங்கற்பொடியைப் போட்டு இறுக்கி, வரிசையாக நிறுத்தித் திரி வைப்பர். குழாய் சிறியதாயினும் தத்துவத்தில் இது பீரங்கியே. குளோப் அரங்கில் வெடித்ததும் இவ்வகைக் குழாய்தான்.

செங்கற்பொடியைத் தேர்ந்த முன்னோரின் அறிவு பாராட்டத்தக்கது. அது எரிவதில்லை, கனல் தாங்குவதில்லை, குழாயின் வாயை விட்டதும் புழுதியாய்ச் சிதறி வேகம் இழக்கிறது. கந்தல் துணியும் நாரும் செய்யும் இரு கெடுதல்களும் அதனிடம் இல்லை. ஆனால் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. பொடி நன்கு சலித்ததாய் இருத்தல் வேண்டும். அதில் ஒரு சில்லு கிடந்தால் அதுவே குண்டு. ஈரமாயின் இறுகிக் கட்டியாகும். கட்டியான அடைப்பு வெளியேற மறுத்தால் குழாய் பிளக்கும். எல்லாவற்றினும் கொடியது இறுக்கும் கோல். செங்கல்லில் மணல் உண்டு. மணலும் இரும்பும் உரசினால் பொறி பிறக்கும். இரும்புக் குழாயில் இரும்புக் கோலைக் கொண்டு ஓங்கி இடிப்பது, அடியில் மருந்தை வைத்துக்கொண்டு சக்கிமுக்கி தட்டுவதேயாகும். மரக்கோலால் அழுத்தினால் போதும், இடித்தல் வேண்டா.

வேட்டு வைக்கும்போது மட்டுமே ஆபத்து என்று கூட்டம் விலகி நிற்கிறது. நிரப்பும்போது உள்ள ஆபத்தைத் தொழிலாளர் மட்டுமே தாங்குகின்றனர். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் சபரிமலை மாளிகைப்புறத்தில் வெடிவழிபாட்டுக்கான மருந்து நிரப்பும் பணியிலிருந்த மூவர் வெடிவிபத்தில் தீக்காயமுற்றனர். அவர்களுள் உயிர் பிழைக்காதவரும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன் கொல்லம் மாவட்டத்துப் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வாணவேடிக்கை விபத்து, விழா ஓசைக்காக மருந்தைக் குவித்துவைப்பதன் விளைவை நாடறியச் செய்தது. வேட்டுக்காரர் பெயர் விழா அழைப்பிதழில் அரிதாகவே அச்சாகிறது. விபத்து நேர்ந்தால்தான் செய்தித்தாளில் வருகிறது.

மத்தியப் பிரதேசத்து ராய்சென் கோட்டையில் ரமலான் நோன்பின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்கச் சிறுபீரங்கி வெடிக்கும் வழக்கம் தலைமுறைகளாய்த் தொடர்கிறது. அம்மாதத்துக்கென மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறுகின்றனர்; மாதம் முடிந்ததும் பீரங்கியைத் துடைத்துச் சேமிக்கின்றனர். மரபும் விதியும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு இஃது ஒரு சான்று.

சிறிதென்று இகழற்க

பாரிசு நகரின் பலே ராயல் தோட்டத்தில் 1786ஆம் ஆண்டில் ஒரு சிறு வெண்கலப் பீரங்கி நிறுவப்பட்டது. நண்பகற் கதிரவனின் ஒளி ஒரு கண்ணாடி வில்லை வழியே குவிந்து அதன் மருந்தைப் பற்றவைக்கும். வானம் தெளிந்த நாளில் நகரமாந்தர் அவ்வோசை கேட்டுத் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர். மேசைமேல் வைக்கத்தக்க சிறு பீரங்கிகள் இவ்வாறு காலம் காட்டவும், கப்பல்களில் குறிப்புணர்த்தவும், பின்னர் விழாவிலும் நாடகத்திலும் முழங்கவும் பயன்பட்டன. சிறிது என்பதால் அவற்றை விளையாட்டுப்பொருளாகக் கருதுவோர் உளர். உண்மை இதற்கு மாறானது.

சிறு குழாயில் மருந்து குறைவாதலால் ஓசையும் குறைவு. ஓசை போதவில்லை என்று எண்ணியவர் அடைப்பை இறுக்குகிறார். துணியின்மேல் தாள், தாளின்மேல் களிமண், அதன்மேல் மரத்தக்கை என்று அடுக்குகிறார். அழுத்தம் ஏறுகிறது. அழகுக்காக வார்த்த சிறு பித்தளைப் பீரங்கியின் சுவருக்குள் வார்ப்பின்போது தங்கிய காற்றுக்குமிழ்கள் இருக்கக்கூடும். அவை புறத்தே தோன்றா. இறுகிய அடைப்பு முன்னே போகாவிடின் பீரங்கியே பின்னே பிளக்கும். அடைப்புக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டாலும் அவ்விடத்தில் அழுத்தம் மோதிக் குழாய் வீங்கும். தாளடைப்பு மெல்லியதுதானே எனில், 1984ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் படப்பிடிப்புத் தளத்தில் இறந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். வெற்றுத்தோட்டா இட்ட கைத்துப்பாக்கியை விளையாட்டாய் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். தோட்டாவின் தாளடைப்பு மண்டையோட்டை உடைத்து எலும்புத் துண்டை மூளைக்குட் செலுத்திவிட்டது.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்தால் அடைப்புக்குரிய இலக்கணம் தெளிவாகிறது. நல்ல அடைப்பு கனலைத் தாங்கலாகாது, வாயை விட்டதும் பொடியாக வேண்டும், கடினமும் எடையும் உடையதாதல் கூடாது, உரசினால் பொறி எழுப்பலாகாது, உருகி ஒட்டலாகாது, மருந்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், வெளியேற மறுக்குமளவு இறுகவும் கூடாது. இவ்விலக்கணத்தில் கல்லும் மரத்தக்கையும் உலர்களிமண் கட்டியும் முதலிலேயே தள்ளுபடியாகின்றன. வைக்கோலும் நாளிதழ்த் தாளும் பருத்திக் கந்தலும் கனல் தாங்குதலால் நீங்குகின்றன. செயற்கை இழையும் நுரைப்பொருளும் உருகுதலால் ஒதுங்குகின்றன. மாவு பொடியாகவே பறப்பினும், காற்றிற் பரந்த மாவு தானே தீப்பிழம்பாகும் இயல்புடையது. ஜெர்மானிய நாட்டார் தம் விழா வேட்டுக் குழாய்களுக்கு எடை குறைந்த கார்க்குத் தக்கையைத் தேர்ந்தனர்; அக்குழாய்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதும் அங்குள்ள சட்டம்.

எனினும் இத்துறையில் தேர்ந்தோர் வந்தடைந்த முடிவு வேறு. அமெரிக்காவில் பழம்பீரங்கிகளை மக்களுக்கு வெடித்துக் காட்டும் குழுவினர் அடைப்பையே விட்டுவிட்டனர். மருந்தை அலுமினியத் தாளில் இறுகப் பொதிந்து அடியில் வைப்பதோடு சரி. அதன்மேல் எதுவும் இல்லை. வேட்டுக்கும் வேட்டுக்கும் இடையே பல நிமிடம் பொறுத்து, தாளின் துணுக்குகளை இழுத்தெடுத்து, ஈரத்தால் துடைத்த பின்னரே அடுத்த மருந்து. வெடிக்காது போன மருந்தைக் கம்பியால் குடைவதில்லை. காத்திருந்து, நீர்விட்டு நனைத்த பின்னரே எடுக்கின்றனர். அடைப்பில்லா வேட்டில் ஓசை சற்றுக் குறைவு. அக்குறைவே பாதுகாப்பின் விலை, மலிவான விலை.

நம் நாட்டில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் அதன்கீழ் 2008இல் வகுத்த விதிகளும் மருந்தைச் செய்யவும் வைத்திருக்கவும் உரிமம் கேட்கின்றன. இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை வெடியோசை கூடாது என்று 2005ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மருந்தை அளக்கும், நேரத்தை அளக்கும். குழாயின் வாயில் என்ன திணிக்கப்படுகிறது என்பதை நிரப்பும் கையும், அக்கைக்குப் பணியிடும் விழாக்குழுவுமே அறியும். பொறுப்பும் அவர்களுடையதே.

முடிவாக

‘வெற்றுவேட்டு’ என்னும் சொல்லை ஆள்வோர் இனி அதன் பொருளைச் சற்று நின்று நோக்கலாம். குண்டில்லை என்பதால் அது வெற்றாவதில்லை. அரங்கை எரித்ததும், கொடிக்கு வணக்கம் செய்தவனைக் கொன்றதும் அந்த வெற்றுவேட்டே. ஓசை மட்டும் வேண்டும் என்று விரும்பியவர், அவ்வோசைக்கு எதை இரையாக இட்டோம் என்று எண்ணாததால் வந்த இழப்புகள் அவை.

ஆரணியில் ஓர் இழையை உருவித் தீயிற் காட்டி, அது அவிந்தபின் கனல்கிறதா என்று உற்று நோக்கும் வழக்கம் வாங்குவோரிடமும் விற்போரிடமும் உண்டு. ஒரு நொடியில் முடியும் சோதனை அது. திருவிழாக் கொல்லையில் குழாய்களை வரிசையாய் நிறுத்துவோரும் அச்சோதனையைத் தம்முடையதாக்கிக்கொண்டால், வேட்டோசை கேட்டுக் கைகூப்பும் ஊரில் வேட்டு வைத்தவரின் கையும் குறையின்றிக் கூப்பும்.